தலைக்குள் மறைந்து நிற்கும் காயம்

(சங்க ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் அரங்கில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழகத்திலே பயிலும் மாணவர் என்ற முறையில் விஞ்ஞானப் பொருளொன்றைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். வானத்துக் கோள்களைப் பற்றிப் பேசலாம். அணுவின் ஆற்றலைப் பற்றியும் பேசலாம். ஆயினும், இங்கு வீற்றிருக்கும் ஒவ்வொருவரும் தத்தம் தோளின் மேல் சுமந்து வந்திருக்கும் பொருளைப் பற்றிப் பேசுவதே பயனுடைத்து என எண்ணினோம். அப்பொருள் தலையேயாகும். தலையிற் படும் சிறிய அடி, அதனால் மூளைக்கு நேரும் மென்காயம், அக்காயத்தைக் காலந்தாழ்த்தாது கண்டறிவதற்குப் படக்கருவிகள் செய்யும் உதவி, அவ்வுதவியின் எல்லை ஆகியனவே இன்றைய உரையின் பொருள்.

“தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று” என்பது நம்மவர் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. உதைபந்தாட்டத்திலே இருவர் தலையோடு தலை மோதி விழுகின்றனர். மரம் ஏறுபவர் கால் வழுக்கி விழுகின்றார். மழை பெய்த தெருவில் மோட்டார் சைக்கிள் சறுக்கி இளைஞனொருவன் வீழ்கின்றான். விழுந்தவர் எழுந்து, உடையிற் பட்ட மண்ணைத் தட்டிக்கொண்டு நடந்தாராயின், இரத்தமும் சிந்தவில்லையாயின், நாம் இப்பழமொழியைச் சொல்லி ஆறுதல் அடைகின்றோம். பெரும்பாலும் அவ்வாறுதல் சரியாகவே முடிகின்றது. சில வேளைகளில் பிழைத்துப் போகின்றது. எப்போது சரி, எப்போது பிழை எனப் பகுத்தறிவது எங்ஙனம்?

முதலில், மென்காயம் என்பது யாது? 1974ஆம் ஆண்டிலே கிளாஸ்கோ நகரத்து வைத்தியர்களாகிய கிரகாம் ரீஸ்டேல், பிரையன் ஜெனற் என்னும் இருவர், தலையில் அடிபட்டோரின் உணர்வு நிலையை அளப்பதற்கு ஓர் எளிய முறையை வகுத்தனர். கண் திறத்தல், பேசுதல், உடலை அசைத்தல் ஆகிய மூன்றையும் பார்த்துப் புள்ளியிடுவதே அம்முறை. கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என அதிகூடிய புள்ளி 15. ஆழ்ந்த மயக்கத்திற் கிடப்பவருக்கு 3. இவ்வளவையில் 13 முதல் 15 வரை பெறுவோரின் காயமே மென்காயம் எனப் பொதுவாக வகுக்கப்படுகின்றது. மூளையதிர்ச்சி என்று நாம் சொல்வதும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆகவே ‘மென்’ என்னும் அடைமொழி அடிபட்ட வேளையில் அவர் இருந்த நிலையைக் குறிப்பதேயன்றி, பின்னர் விளையப்போவதைக் குறிப்பதன்று. இதனை மனத்திற் கொள்ளாமையாலேயே பல துன்பங்கள் நேர்கின்றன.

மண்டையோடு கல்லைப் போன்ற உறுதியுடையது. அதனுள்ளே நீர் சூழ மிதக்கும் மூளையோ மிகவும் மென்மையானது. தலை சடுதியாக ஒரு பக்கம் திரும்பும்போது மண்டையோடு முந்துகின்றது, மூளை பிந்துகின்றது. ஒரு கிண்ணத்திலே உறைந்த கூழை வைத்துக் கிண்ணத்தைச் சட்டெனச் சுழற்றினாற் கூழினுள்ளே இழுவை உண்டாவது போல, மூளையினுள்ளும் இழுவை உண்டாகின்றது. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியலாளர் ஹோல்போர்ன் என்பார் 1943இல் ஜெலற்றீன் கூழினாற் செய்த மாதிரிகளைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். நேரே தள்ளும் விசையிலும் சுழற்றும் விசையே மூளைக்குக் கூடிய தீங்கு செய்யும் என்பது அவர் கண்ட முடிவு.

அவ்விழுவையினால் அறுவன யாவை? மூளையின் ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு தொடுக்கும் நரம்பிழைகளே. 1956இல் சபீனா ஸ்ரிச் என்னும் பெண்மணி, கடுமையாக அடிபட்டு நெடுநாள் நினைவு திரும்பாதிருந்து இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்து, நரம்பிழைகள் செறிந்த வெண்பகுதி பரவலாகச் சிதைந்திருப்பதைக் கண்டார். கடுங்காயத்தில் மட்டுமோ இவ்வாறு நிகழ்வது? அன்று. அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் புளம்பேர்க்ஸ் என்பாரும் துணைவரும் 1994இல் வெளியிட்ட ஆய்விலே, மென்மையான மூளையதிர்ச்சிக்கு உள்ளாகிப் பின் வேறு காரணங்களால் இறந்த ஐவருடைய மூளைகளிலும் நரம்பிழைக் காயம் காணப்பட்டது. மென்காயத்துக்கும் உடலிலே சான்று உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

எனவே தலையில் அடிபட்ட ஒருவரைக் குறித்து வைத்தியர் இரண்டு வினாக்களுக்கு விடை காண வேண்டும். மண்டையோட்டுக்குள் இரத்தம் கசிகின்றதா என்பது ஒன்று. நரம்பிழைகள் நொந்திருக்கின்றனவா என்பது மற்றொன்று. முதலாவது வினா உயிரைப் பற்றியது. மணிக்கணக்கில் விடை வேண்டும். இரண்டாவது வினா வாழ்வைப் பற்றியது. அதன் விடை நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் புலப்படுகின்றது. இவ்விரு வினாக்களையும் ஒன்றெனக் கொள்வதே நம்மிடையே நிலவும் பெரிய மயக்கம்.

முதலாவது வினாவுக்கு ஒரு சான்று கூறுவோம். 2009ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16ஆந் தேதி, நற்றாசா றிச்சட்சன் என்னும் ஆங்கில நடிகை கனடாவிலே பனிச்சறுக்குப் பழகும்போது விழுந்தார். எழுந்து பேசினார், சிரித்தார், உதவி வேண்டாமென்றார். ஒரு மணி நேரமளவிற் தலைவலி தொடங்கியது. இரண்டு நாட்களின் பின் அவர் இறந்தார். மண்டையோட்டுக்கும் மூளையை மூடிய மென்றோலுக்கும் இடையே இரத்தம் தேங்கி மூளையை நெருக்கியமையே காரணம். அடிபட்டவர் தெளிவாக இருக்கும் இந்த இடைவேளை மிகவும் ஏமாற்றத்தக்கது. இவ்விடைவேளைக்குள் இரத்தக் கசிவைக் கண்டுபிடித்து வெளியேற்றினால் உயிரைக் காத்தல் கூடும்.

அதனைக் காண்பது முன்னாளில் எளிதாயிருக்கவில்லை. 1895இல் றொண்ட்கன் கண்ட எக்ஸ்கதிர், எலும்பின் வெடிப்பைக் காட்டுமேயன்றி மூளையைக் காட்டாது. 1918இல் அமெரிக்க வைத்தியர் வோல்ரர் டான்டி, மூளையின் உட்குழிகளிலே காற்றைச் செலுத்திப் பின் எக்ஸ்கதிர்ப் படம் எடுக்கும் முறையைக் கண்டார். நோயாளி பட்ட வேதனையோ பெரிது. கிடைத்த படமோ குழிகளின் நிழல் மாத்திரமே. இந்நிலையை மாற்றியவர் கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். தலையைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து எக்ஸ்கதிரைச் செலுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் உள்ளே தங்கியது என அளந்து, அவ்வளவுகளையெல்லாம் கணினியைக் கொண்டு கூட்டிக் கழித்தால், தலையைக் கத்தி கொண்டு அரிந்து பார்த்தது போன்ற படத்தை அரியாமலே பெறலாம் என அவர் காட்டினார். 1971ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் தேதி, இலண்டன் மாநகரின் அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையிலே முதல் நோயாளிக்கு அப்படம் எடுக்கப்பட்டது. அதுவே இன்று யாவரும் சொல்லும் சீ.ரி. ஸ்கான். ஹவுன்ஸ்பீல்டுக்கும், இதற்குரிய கணிதத்தைத் தனியே கண்ட அலன் கோமக்குக்கும் 1979இல் நோபல் பரிசு கிடைத்தது.

புதிதாகக் கசிந்த இரத்தம் இந்த ஸ்கானில் வெண்மையாகத் தோன்றும். சில நிமிடங்களில் விடை கிடைத்துவிடும். ஆயின், தலையில் அடிபட்ட எல்லோருக்கும் ஸ்கான் எடுக்கவேண்டுமா? வேண்டியதில்லை. கனடாவிலே ஸ்ரீல் என்னும் வைத்தியரும் துணைவரும் 10 வைத்தியசாலைகளில் மென்காயமடைந்த 3121 பேரை ஆராய்ந்து 2001இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் 254 பேருக்கே கவனிக்கத்தக்க மூளைக்காயம் இருந்தது. 44 பேருக்கே மூளைச் சத்திரசிகிச்சை முதலிய தலையீடு தேவைப்பட்டது. அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 8 பேர், நூற்றுக்கு ஒருவர். அந்த ஒருவர் யாவர் என முன்கூட்டி அறிய அவர்கள் விதி வகுத்தனர். நினைவிழந்தோ, நடந்ததை மறந்தோ, தடுமாறியோ இருந்த ஒருவர், அடிபட்டு இரண்டு மணி நேரமாகியும் முழுத் தெளிவு பெறாதிருத்தல், இரண்டு முறையோ அதற்கு மேலோ வாந்தி எடுத்தல், மண்டையோடு வெடித்தமைக்கான அறிகுறி தோன்றுதல், 65 வயதோ அதற்கு மேலோ ஆகியிருத்தல் ஆகியன அவ்விதியின் முதன்மையான குறிகள். சிறுவருக்குப் பொருந்தும் விதிகள், 42,000க்கு மேற்பட்ட சிறுவரை ஆராய்ந்து 2009இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டன. தலை ஸ்கானிற் பெறும் கதிர்வீச்சு, இயற்கையாகவே ஓராண்டில் நாம் பெறும் அளவுக்குச் சற்றுக் குறைவானது. பெரியவருக்கு இது பெரிதன்று. வளரும் பிள்ளைக்கு வீணாகக் கொடுப்பதும் தகாது. ஆதலால், “ஸ்கான் எடுக்கவில்லையே” என்று வைத்தியரோடு சினப்பதும், எடுக்கவேண்டுமென்று அவர் சொல்லும்போது மறுப்பதும் ஒரே அறியாமையின் இரண்டு முகங்களாம்.

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். சீ.ரி. ஸ்கான் இரத்தக் கசிவைக் காட்டும். நொந்த நரம்பிழையைக் காட்டும் நுண்மை அதற்கில்லை. இங்கே உதவுவது எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் பரிவுப் படம். நம் உடலில் நீர் நிறைந்துள்ளது. நீரில் ஐதரசன் அணுக்கள் உள்ளன. பூமியின் காந்தத்திலும் ஏறக்குறைய 30,000 மடங்கு வலிய காந்தத்தினுள்ளே உடலை வைத்தால், அவ்வணுக்களின் கருக்களிற் சிறு பகுதி ஒரே திசையில் அணிவகுக்கும். வானொலி அலையால் அவற்றைச் சற்றுத் தட்டினால், அவை மீண்டும் நிலைக்கு வரும்போது மெல்லிய சைகையை எழுப்பும். அச்சைகைகளைக் கொண்டு படம் அமைக்கலாமென 1973இல் போல் லோற்றர்பர் காட்டினார். அவருக்கும் பீற்றர் மான்ஸ்பீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதில் எக்ஸ்கதிர் இல்லை.

இம்முறையில் மென்காயத்தைத் தேடுவதற்கு இரு நுட்பங்கள் சிறந்தன. ஒன்று, நுண்ணிய இரத்தக் கசிவைக் காண்பது. இரத்தத்திலுள்ள இரும்பு, சூழவுள்ள காந்தப் புலத்தைக் குழப்புவதால், கடுகிலும் சிறிய கசிவுகளும் கரும்புள்ளிகளாகத் தோன்றுகின்றன. மற்றொன்று, 1994இல் பீற்றர் பாசரும் துணைவரும் வெளியிட்ட முறை. நரம்பிழையினுள் இருக்கும் நீர், இழையின் நீளப்பாட்டிலே எளிதாகவும் குறுக்கே அரிதாகவும் நகரும். வாய்க்காலில் ஓடும் நீர் வரம்பு உடைந்தால் நாற்புறமும் சிதறுவது போல, இழை கெட்டால் இந்த ஒழுங்கும் கெடும். நீர் நகரும் ஒழுங்கை அளந்து இழையின் நலத்தை ஊகிப்பதே இம்முறை.

அமெரிக்காவில் யூ என்பாரும் துணைவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்றை இங்கே எடுத்துக் கூறவேண்டும். மென்காயமடைந்து, சீ.ரி. ஸ்கானில் குறையொன்றுமில்லை எனப்பட்டவர்களுள் நூற்றுக்கு 27 பேருக்கு, இரு வாரமளவில் எடுத்த காந்தப் படத்திலே காயத்தின் அடையாளம் காணப்பட்டது. காந்தப் படத்திற் கண்ட குறிகள், மூன்று மாதத்தின் பின் அவர்கள் எந்நிலையில் இருப்பர் என முன்னுரைக்கவும் உதவின. அடிபட்ட மூளையிலிருந்து குருதியிற் கலக்கும் சில புரதங்களை அளந்து, யாருக்கு ஸ்கான் தேவை எனத் தெரிவதற்கு அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018இல் முதன்முதலாக அனுமதி அளித்தது. 2019இல் வெளியான மற்றோர் ஆய்வில், சீ.ரி. ஸ்கானிற் குறை காணாத 450 பேருள் 120 பேருக்குக் காந்தப் படத்திற் குறை காணப்பட்டது. அவர்களைப் பிரித்தறிய அப்புரதங்களுள் ஒன்று துணை செய்தது.

இவற்றைக் கேட்டவுடன், “அப்படியாயின் எல்லோருக்கும் காந்தப் படம் எடுத்துவிட்டால் முடிந்ததே” என்று யாரேனும் எண்ணக்கூடும். “கண்ணால் காண்பதும் பொய்” என்று நம் முன்னோர் சொன்னது இங்கும் பொருந்தும். நீர் நகரும் ஒழுங்கை அளக்கும் முறை, காயமுற்ற பலரை ஒருங்கு சேர்த்து நலமுள்ள பலரோடு ஒப்பிடும்போது வேறுபாட்டைக் காட்டுகின்றது. தனியொருவருடைய படத்தைப் பார்த்து, “இவருக்குக் காயம் உண்டு”, “இவருக்கு இல்லை” என உறுதியாகத் தீர்ப்புச் சொல்லும் நிலையை அது இன்னும் அடையவில்லை. வயது, பழைய அடி, பிற நோய்கள் ஆகியனவும் அவ்வளவை மாற்றும். காந்தப் படக்கருவியோ விலை மிக்கது. எல்லா வைத்தியசாலைகளிலும் உள்ளதன்று. ஆகவே, படம் கண்டது சான்றாகும்; படம் காணாதது நலத்துக்குச் சான்றாகாது. இவ்வுரையிலே நாம் வலியுறுத்த விரும்புவது இதுவொன்றே.

இதனால் நம் வீடுகளில் விளையும் துன்பத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு மாணவன் சைக்கிளிலிருந்து விழுந்தான் எனக் கொள்வோம். வைத்தியசாலையில் ஸ்கான் எடுத்தார்கள், இரத்தக் கசிவு இல்லை, வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் சென்றது. புத்தகத்தை விரித்தால் தலை வலிக்கின்றது. வெளிச்சமும் சத்தமும் பொறுக்க முடியவில்லை. படித்தது நிற்கவில்லை. முன்பு இல்லாத கோபம் வருகின்றது. வீட்டார் என்ன சொல்கின்றனர்? “ஸ்கானிலே ஒன்றுமில்லையாம், படிக்கப் பஞ்சி, அதற்கு ஒரு சாட்டு” என்கின்றனர். ஆசிரியர் ஏசுகின்றார். நண்பர் நகைக்கின்றனர். மூளையில் நொந்த இழை ஒன்றாயிருக்க, நெஞ்சில் நொந்த இழைகள் பலவாகின்றன. வைத்தியர் சொன்னது “இரத்தம் கசியவில்லை” என்பது. வீட்டார் கேட்டது “காயமே இல்லை” என்பது. இவ்விரண்டு கூற்றுகளுக்குமிடையே உள்ள தூரத்திலேதான் அப்பிள்ளை தனித்து நிற்கின்றான்.

கிறிக்கற் உலகம் இவ்விடயத்தில் நமக்குப் பாடம் புகட்டுகின்றது. 2019ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் லோட்ஸ் மைதானத்திலே, ஜொவ்றா ஆச்சர் வீசிய பந்து அவுஸ்திரேலிய வீரர் ஸ்ரீவ் சிமித்தின் கழுத்தில், காதுக்குக் கீழே தாக்கியது. அன்று நடத்திய சோதனைகளில் அவர் தேறினார். ஒரு மணி நேரத்துக்குள் மீண்டும் துடுப்பெடுத்தாடினார். மறுநாட் காலை தலைவலியும் மந்தமும் தோன்றின. உடனே அவரை விலக்கி, மார்னஸ் லபுஷேனை இறக்கினர். மூளையதிர்ச்சிக்கு மாற்று வீரரை அனுமதிக்கும் விதி அம்மாதம் முதலாந் தேதியே நடைமுறைக்கு வந்திருந்தது. 2022 பெப்ரவரியில் தர்மசாலாவிலே, நம் நாட்டு லகிரு குமார வீசிய பந்து இந்திய வீரர் இஷான் கிஷனின் தலைக்கவசத்தைத் தாக்கியது. சீ.ரி. ஸ்கானில் குறை காணப்படவில்லை. ஆயினும் மறுநாள் ஆட்டத்தில் அவரை இறக்கவில்லை. கோடிக்கணக்கானோர் பார்க்கும் ஆட்டத்திலேயே ஒருவரை இருத்திவைக்கலாமாயின், நம் கழகங்களின் மாலை ஆட்டத்தில் இருத்திவைப்பதால் என்ன குறைந்துபோம்? முதல் அடி ஆறுமுன் மற்றோர் அடி படுமாயின், அரிதாயினும், இளைஞரின் மூளை சடுதியாக வீங்கி உயிருக்கே கேடு வரலாம்.

ஆகவே இளைஞர்களுக்குச் சில சொல்வோம். தலையில் அடிபட்டவனுக்குச் சோடா கொடுத்து, முகத்திலே நீர் தெளித்து, மறுபடி மைதானத்துக்குள் தள்ளாதீர்கள். அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது. தலைவலி கூடிக்கொண்டு போதல், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தல், எழுப்ப முடியாத உறக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் சோர்தல், கண்மணிகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாதிருத்தல், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அவற்றுள் ஒன்றும் தோன்றாவிடினும், அன்றிரவு அவனைத் தனியே விடாதீர்கள். தலைக்கவசத்தைப் பொலிசாருக்காக அணியாமல் தலைக்காக அணியுங்கள்.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். முதியோரிலும், குருதி உறையாதிருக்க மருந்து உண்போரிலும், சிறு விழுகையின் பின்னரும் கசிவு ஏற்படலாம். சில வாரங்கள் கழிந்த பின்னரும் மறதியும் தள்ளாட்டமும் தோன்றலாம். “வயதுக் கோளாறு” என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளைப் பொறுத்தவரை, முழு ஓய்வென்று இருட்டறையில் நாட்கணக்காக வைத்தலும் வேண்டியதில்லை. 2022இல் அம்ஸ்ரடாமிற் கூடிய நிபுணர் மாநாட்டின் முடிபுப்படி, ஓரிரு நாள் அளவான ஓய்வும், அதன்பின் சிறிது சிறிதாக நடையும் படிப்பும் கூட்டுதலுமே நன்று. பெரும்பாலோர் சில வாரங்களில் முற்றாகத் தேறுவர். தேறும் வரையில் அவர்களுக்கு வேண்டியது நம்பிக்கை. அதாவது, அவர்கள் சொல்லும் வலியை நாம் நம்புதல்.

அன்பர்களே, ஹவுன்ஸ்பீல்டின் கருவி இரத்தத்தைக் கண்டது. லோற்றர்பரின் கருவி இழையைத் தேடுகின்றது. நாளை இன்னும் நுண்ணிய கருவிகள் வரும். அவற்றைச் செய்வோரிலும் கையாள்வோரிலும் இவ்வவையில் இருக்கும் மாணவர் சிலர் இருத்தல் வேண்டுமென்பது எமது ஆசை. ஆயினும், அடிபட்டவன் நேற்றுப் போல இன்று இல்லை என்பதை முதலிற் காண்பது அவனோடு கூட விளையாடும் தோழனுடைய கண்ணும், அவனுக்குச் சோறிடும் தாயினுடைய கண்ணுமே. அக்கண்கள் கண்டதை வைத்தியரிடம் சென்று சொல்லுங்கள்.